வாவியைப் படிக்க எங்கே போவது?

சென்ற மாதம் பழைய நண்பர் ஒருவரின் மகள் என்னைக் காண வந்திருந்தார். வந்தாறுமூலையில் இளமாணிப் பட்டமும் பேராதனையில் முதுமாணிப் பட்டமும் பெற்றவர். அடுத்ததாக இயற்கை வளப் பாதுகாப்பில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறார். (தமிழக வாசகர்களுக்கு ஒரு சொல்: நீங்கள் முனைவர் என்பதை நாங்கள் கலாநிதி என்போம்.) கையில் ஒரு தாள் வைத்திருந்தார். அதில் ஏழு பல்கலைக்கழகங்களின் பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் உலகத் தரவரிசை எண்ணும் அழகாக எழுதப்பட்டிருந்தன.

"ஐயா, இதில் எதைத் தெரிவு செய்வது?" என்று கேட்டார்.

"நீங்கள் எதை ஆராயப் போகிறீர்கள், மகள்?" என்றேன்.

"நம்முடைய வாவியைத்தான், ஐயா. தலைப்பை அங்கே போன பிறகு அவர்கள் சொல்வார்கள்."

அந்த இரண்டாவது வாக்கியம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் பத்திரிகைக்காரன், விஞ்ஞானி அல்லன். ஆனால் பல ஆண்டுகளாக இந்த வாவியைப் பற்றிச் செய்தி எழுதியவன் என்ற முறையில், வாவிக்கு எத்தகைய ஆய்வாளர் தேவை என்பதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அவருக்கு அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். யாழ்ப்பாணத்திலோ, நாகப்பட்டினத்திலோ, டொரொன்டோவிலோ இதே கேள்வியோடு இருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இது பயன்படலாம்.

முதலில் வாவியைப் பற்றிச் சில வார்த்தைகள். மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. கடற்கரைக்குச் சமாந்தரமாக வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. ஒரு சமூகம் தன் நிலப்பரப்பையே ஒரு நீர்நிலையை நடுவில் வைத்துப் பெயரிட்டிருக்கிறது என்றால், அந்த நீர்நிலை அதற்கு எத்தகையது என்பதை வேறு சான்று காட்டி விளக்க வேண்டியதில்லை. கடலோடு அது இரண்டு இடங்களில் கலக்கிறது: நகருக்கு அருகே பாலமீன்மட்டில் ஒரு முகத்துவாரம், தெற்கே கல்லாற்றில் மற்றொன்று. மேற்கிலிருந்து உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் கீழுள்ள வயல்களின் வடிநீர் வந்து சேர்கிறது. மழைக்காலத்தில் நன்னீர் மிகுந்தும் கோடையில் உவர் ஏறியும் ஆண்டுக்கு ஆண்டு தன் குணத்தை மாற்றிக்கொள்ளும் நீர் அது.

கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவ மழை பிடித்ததும் வாவி நிரம்பி, படுவான்கரை வயல்களுக்குள் நீர் ஏறும். பெரும்போக வேளாண்மை அழுகிவிடும் என்று விவசாயிகள் பதறுவார்கள். முகத்துவாரத்தை வெட்டிவிடச் சொல்வார்கள். மீனவர்களிடம் வேறு கணக்கு இருக்கும். கடல்நீர் உள்ளே வந்தால்தான் இறால் குஞ்சு வரும். ஆனால் நீர் ஒரேயடியாக வடிந்துவிட்டால் வலைக்கு மீன் நில்லாது. எப்போது வெட்டுவது, எவ்வளவு அகலத்தில் வெட்டுவது? மாவட்டச் செயலகத்தில் கூட்டம் கூடும், குரல்கள் உயரும், கடைசியில் மழையின் வேகத்தைப் பார்த்து ஒரு முடிவு எடுக்கப்படும். அப்படிப்பட்ட கூட்டங்களில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். நான் கண்டவரை அங்கே அனுபவம் இருந்தது, அதிகாரம் இருந்தது, கோபமும் இருந்தது. இத்தனை மில்லிமீற்றர் மழைக்கு இத்தனை அகலம் வெட்டினால் உவர் எந்த ஊர் வரை ஏறும் என்று கணக்கிட்டுச் சொல்லக்கூடிய ஒருவர்தான் இருந்ததில்லை.

இது தீர்க்க முடியாத புதிர் அன்று. ஒடிசாவின் சிலிகா ஏரியைப் பாருங்கள். முகத்துவாரம் தூர்ந்து, உவர் குறைந்து, மீன்பிடி வீழ்ந்ததால் 1993இல் அது ராம்சார் உடன்படிக்கையின் ஆபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. புனேயிலுள்ள மத்திய நீர் ஆய்வு நிலையம் நீரோட்டத்தைக் கணித்துப் பார்த்தது. அதன் பிறகே 2000 செப்டெம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. உவரும் மீனும் திரும்பின. 2002இல் அந்தப் பட்டியலிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது. அளந்து பார்த்துவிட்டு வெட்டியதன் பலன் அது. நம் வாவிக்கும் அதுபோல் ஒரு கணக்கு வேண்டும் என்றால், யாராவது ஒருவர் தம் இளமையில் நான்கைந்து ஆண்டுகளை அதற்குக் கொடுக்க வேண்டும். கலாநிதிப் பட்ட ஆய்வு என்பது வேறென்ன?

இன்னொரு வகைக் கேள்வியும் உண்டு. அதற்குத் தோணி ஏற வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், கடலோடு தொடர்புள்ள நீர்நிலைகளில் முகத்துவாரத்திலிருந்து 2 கிலோமீற்றர் வரையிலான பகுதியையே கரையோர வலயம் என்று வகுத்தது. 56 கிலோமீற்றர் நீளமான வாவியின் பெரும்பகுதி அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமலே இருந்தது என்று பொருள். 2011ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்த எல்லையை விரித்து, நீர்நிலைகளின் ஓரத்து நிலத்தையும் சேர்த்துக்கொண்டது. இடைப்பட்ட 30 ஆண்டுகளில் எத்தனை கண்ணாக் காடு அழிந்தது, எவ்வளவு கரை மண் போட்டு நிரப்பப்பட்டது? மீன்பிடிக்கு ஒரு திணைக்களம், சூழலுக்கு ஓர் அதிகாரசபை, நீர்ப்பாசனத்துக்கு ஒரு திணைக்களம், காட்டுக்கு ஒன்று, கழிவுக்கு மாநகர சபையும் பிரதேச சபைகளும். ஒரே வாவியை இத்தனை பேர் ஆளும்போது எந்த முடிவு யாருடையது? சட்டம் படித்த ஒருவரோ, பொதுநிர்வாகம் படித்த ஒருவரோ இதில் ஓர் அருமையான ஆய்வேட்டை எழுதலாம். இயற்கை வளப் பாதுகாப்பு என்பது உயிரியல் படித்தவர்களுக்கு மட்டும் உரிய துறை என்று எண்ணிவிடக் கூடாது. 2023 செப்டெம்பரில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் தொடங்கிய போராட்டத்தை எண்ணிப் பாருங்கள். அது புல்லைப் பற்றிய கேள்வியா, மாட்டைப் பற்றிய கேள்வியா, நிலத்தையும் அரசையும் பற்றிய கேள்வியா? மூன்றும்தான்.

ஆகவே என் முதல் அறிவுரை இது. கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். தரவரிசை எண் ஒரு பல்கலைக்கழகத்தின் மருத்துவத்தையும் பௌதிகத்தையும் சேர்த்துக் கூட்டிப் போட்ட எண். உவர்நீர் ஏரிகளைப் பற்றி அங்கே ஒருவருக்கேனும் தெரியுமா என்பதை அது சொல்லாது. உலக வரிசையில் முன்னூறாவது இடத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் வாழ்நாள் முழுவதும் களப்புகளையே ஆராய்ந்த ஒருவர் இருக்கலாம். அவருடைய அறைக்கதவைத் தட்டுவது, பத்தாவது இடத்தில் உள்ள பல்கலைக்கழகத்தில் யாரோ ஒருவருடைய பெரிய திட்டத்தில் ஒரு மூலையை நிரப்புவதைவிட மேலானது. தலைப்பை அவர்கள் சொல்வார்கள் என்று போனால், அவர்களுடைய நிதி எதற்கு வந்ததோ அதுதான் உங்கள் தலைப்பாகும்.

இரண்டாவது, நாட்டுக்கு நாடு கலாநிதிப் படிப்பின் அமைப்பே வேறு. இதைப் பலர் அறியாமல் விண்ணப்பிக்கிறார்கள். அமெரிக்காவில் முதல் ஓரிரு ஆண்டு பாட வகுப்பு, பிறகு தகுதிகாண் தேர்வு, அதன் பிறகே ஆய்வு. பொதுவாக 4 முதல் 6 ஆண்டுகள் ஆகும். கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை செய்தால் கட்டணத்தை விலக்கிச் சிறு ஊதியமும் தருவார்கள். ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாற விரும்புவோருக்கு அது நல்லது. பிரித்தானியாவில் மூன்று நான்கு ஆண்டுகளில் நேரடியாக ஆய்வேடு. கேள்வி தெளிவாக இல்லாதவர் அங்கே தடுமாறிப் போவார். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் 'சான்ட்விச்' முறை என்று ஒன்று உண்டு: தொடக்கத்தில் சில மாதம் அங்கே, நடுவில் களஆய்வு சொந்த நாட்டில், எழுதி முடிக்க மீண்டும் அங்கே. பொதுநலவாயப் புலமைப்பரிசில்களிலும் இதுபோன்ற ஒரு வகை உண்டு. பதிவு உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில், ஓராண்டு வரை பிரித்தானியாவில். இந்தியாவில் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்தது 3 ஆண்டு, கூடியது 6 ஆண்டு. நம் நாட்டிலேயே பேராதனையில் விவசாயப் பட்டப்பின்படிப்பு நிறுவகம் 1975 முதல் இயங்கி வருகிறது.

மூன்றாவதாக நான் சொல்லப் போவதை எந்தப் பல்கலைக்கழகக் கையேட்டிலும் காணமாட்டீர்கள். மேலை நாடுகளில் நீண்ட விடுமுறை ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. களஆய்வுக்கு மாணவர்களைப் பெரும்பாலும் அப்போதுதான் அனுப்புவார்கள். மட்டக்களப்பில் அது கடும் கோடை. மணல் அடைத்த முகத்துவாரத்தையும், உவர் ஏறிய நீரையும், வறண்ட படுவான்கரையையும் மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். வெள்ளம் வருவதும், முகத்துவாரம் வெட்டப்படுவதும், ஆற்றுவாழை மிதந்து வந்து பாலங்களை அடைப்பதும் நவம்பரிலிருந்து ஜனவரி வரை. அப்போது உங்களுக்கு அங்கே வகுப்பு, தேர்வு, பனி. மூன்று கோடைகள் வந்துபோனாலும் வாவியின் ஒரு முகத்தைத்தான் கண்டிருப்பீர்கள். ஆகவே விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி: "இரண்டு மாரிக்காலம் முழுவதும் நான் மட்டக்களப்பில் இருக்க அனுமதிப்பீர்களா? அதற்கு நிதி உண்டா?" இதற்கு எழுத்தில் 'ஆம்' என்று பதில் வராத இடத்தை, எவ்வளவு புகழ் பெற்றதாயினும், பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

இந்தக் காரணத்தால்தான் நான் பரங்கிப்பேட்டையின் பெயரை அவருடைய தாளில் எட்டாவதாக எழுதினேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றின் முகத்துவாரத்தருகே அமைந்திருக்கிறது. பிச்சாவரத்துச் சதுப்புக் காடு அருகிலேயே உள்ளது. அங்கும் வடகிழக்குப் பருவ மழைதான்; அதே மாதங்களில்தான் வெள்ளம். மணலையையும் கொடுவாவையும் இறாலையும் பற்றித் தமிழிலேயே பேசலாம். இலங்கை மாணவர்களுக்கு இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில்களும் உள்ளன. 'இந்தியாவிலா?' என்று அவர் முகம் சற்றுச் சுருங்கியதைக் கவனித்தேன். நம் பிள்ளைகளிடம் இந்தச் சுருக்கம் பொதுவாக உண்டு. குளிர் நாட்டுப் பட்டத்துக்குத்தான் மதிப்பு என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு 1931இல் முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றவர் நம் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். அவர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழந்தமிழர் யாழின் நரம்புகளைக் கணித முறையில் ஆராய்ந்து அவர் எழுதிய யாழ் நூல், அவர் மறைந்த 1947ஆம் ஆண்டில்தான் அரங்கேறியது. அந்த ஆராய்ச்சிக்குத் தொடக்கம் எது என்று கேட்டால், மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைச் சொல்வாரும் உண்டு. குடியேற்றச் செயலாளராயிருந்த எமேர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் இங்கு வந்து அந்த ஒலியைக் கேட்டு எழுதினார். 1950களில் லாங் என்ற அமெரிக்க இயேசுசபைப் பாதிரியார் கல்லடிப் பாலத்தடியில் அதை ஒலிப்பதிவு செய்தார். வெளியிலிருந்து வந்தவர் கேட்டு வியந்தார். உள்ளூர்க்காரர் அதையே ஒரு வாழ்நாள் கேள்வியாக்கினார். இரண்டும் நமக்கு வேண்டும். 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி, இப்பகுதியின் குடிவழி அமைப்பை ஆராய்ந்த டெனிஸ் மெக்கில்வ்ரே போன்ற வெளிநாட்டு அறிஞர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் வெளியார் வந்து எழுதும்வரை காத்திருப்பதே நம் வழக்கமாகிவிடக் கூடாது.

ஏன் நம்மவர் எழுதவில்லை என்று கேட்பது எளிது. விடையைச் சொல்வது கடினம். 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் தொடக்கத் துறைகள் விஞ்ஞானமும் விவசாயமும்தாம். 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. மறு ஆண்டு ஜனவரியில் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் இறால் பண்ணைத் தொழிலாளர் உட்படப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். மட்டக்களப்பில் வேர்விட்ட இறால் வளர்ப்புத் தொழில் போரினால் இங்கே தளர்ந்து, புத்தளம், சிலாபம் பக்கம் போய் வளர்ந்தது. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. 2004 சுனாமி நாவலடியையும் கல்லடியையும் வாரிச் சென்றது. 2006 டிசெம்பர் 15ஆம் திகதி, துணைவேந்தர் பேராசிரியர் சி. ரவீந்திரநாத் கொழும்பில் ஒரு மாநாட்டுக்குச் சென்றவர் காணாமற்போனார். அவரும் விவசாய விஞ்ஞானி. ஒரு பல்கலைக்கழகம் இவற்றையெல்லாம் தாண்டி மாணவர்களுக்குப் பட்டம் வழங்கிக்கொண்டிருந்ததே பெரிது. அத்தகைய ஆண்டுகளில் தோணியில் போய் நீரை அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும் என்று யாரைக் கேட்பது?

ஆனால் போர் முடிந்தது 2009இல். இப்போது தடை வேறு. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது, படித்தவர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டைவிட்டுப் போனார்கள். விரிவுரையாளர்களும் போனார்கள். கல்வி விடுப்பில் சென்று, பிணைமுறிப் பணத்தைக் கட்டிவிட்டு அங்கேயே தங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்குப் பால்மா வாங்க வரிசையில் நின்ற தகப்பனிடம் போய் நாட்டுப்பற்றைப் பேச முடியாது. நான் கேட்பது அதைவிடச் சிறிய ஒன்று. ஆள் திரும்பாவிட்டாலும் ஆய்வு திரும்ப வேண்டும்.

ஓர் அனுபவம். பல ஆண்டுகளுக்கு முன் வாவி நீரின் தரம் பற்றி ஒரு கட்டுரை எழுத முயன்றேன். ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். "அளந்தார்கள், ஐயா. வெளிநாட்டுத் திட்டம் ஒன்று வந்து இரண்டு வருடம் அளந்தது. அறிக்கை அவர்களிடம்தான் இருக்கிறது" என்றார் அலுவலர். திட்டம் முடிந்துவிட்டது, வாகனங்கள் போய்விட்டன, எண்களும் போய்விட்டன. நீரை அள்ளிக் கொடுத்த மீனவர்களிடம் கேட்டேன். போத்தல்களில் எடுத்துப்போனது நினைவிருந்தது. அதில் என்ன கண்டார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையை ஏன் போடுகிறீர்கள் என்று அதே மனிதரிடம் அதிகாரி அதட்டும்போது, அவருக்கு விஞ்ஞானத்தின் மீது என்ன மதிப்பு இருக்கும்?

ஆகவே ஆய்வேட்டின் சாரம் தமிழில் இருபது பக்கமேனும் அச்சாகி, கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் கமநல அமைப்புகளுக்கும் போக வேண்டும். அளந்த எண்களின் ஒரு பிரதி கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்க வேண்டும். இதை மேற்பார்வையாளரிடம் தொடக்கத்திலேயே பேசி ஒப்புதல் பெறுங்கள். திட்டத்துக்குப் பணம் கொடுப்பவர் தரவுகளைத் தமக்கே உரியதாக்கிக்கொள்ளும் நிபந்தனைகளும் உண்டு. மாதிரிகளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அரச அனுமதி வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். அதற்கே பல மாதம் ஆகலாம். உள்ளூரிலிருந்து ஓர் இணை மேற்பார்வையாளர் இருந்தால் இவை எல்லாம் இலகுவாகும். அவருக்கு அது பட்டியலில் ஒரு பெயர் அளவில் நின்றுவிடாமல் உண்மையான பங்காக இருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கலாநிதிப் பட்டத்துக்காகக் காணி விற்காதீர்கள். இத்துறையில் தகுதியுள்ளவருக்குப் புலமைப்பரிசில் தராத இடத்தைப் பொதுவாக நாட வேண்டியதில்லை. ஓராண்டில் பட்டம், வீட்டிலிருந்தே பட்டம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பட்டத்தை ஏற்குமா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். புலம்பெயர்ந்த அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் தாராளமாகக் கொடுக்கிறீர்கள், நல்லது. ஒரு மாணவர் ஒரு மாரிக்காலம் முழுவதும் தோணியும் எரிபொருளும் வைத்து வாவியை அளக்க ஆகும் செலவு, ஒரு மண்டபத்தின் தளவோடு பதிக்கும் செலவைவிடக் குறைவு. பழைய மாணவர் சங்கங்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

அந்தப் பெண்ணிடம் இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது தேநீர் ஆறிப் போயிருந்தது. விடைபெறும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். விண்ணப்பங்களை அனுப்புமுன், வரும் மாரியில் முகத்துவாரம் வெட்டும் நாளன்று பாலமீன்மட்டுக்குப் போய் நில்லுங்கள். விவசாயி ஒருவருடனும் மீனவர் ஒருவருடனும் பேசுங்கள். அவர்கள் இருவருக்கும் ஒருங்கே விடை தெரியாத கேள்வி எதுவோ, அதைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். மழைக்கு இன்னும் காலம் இருப்பதால் முகத்துவாரம் வெட்டுவதைப் பார்க்கவில்லையாம். ஆனால் படுவான்கரையில் தம் தாய்மாமனோடு இரண்டு நாள் வயலில் நடந்திருக்கிறார். பட்டியல் ஏழிலிருந்து மூன்றாகக் குறைந்திருக்கிறது. பரங்கிப்பேட்டை அதில் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. தாளின் தலைப்பில் இப்போது தரவரிசை எண்கள் இல்லை என்றும், மாமன் கேட்ட ஒரு கேள்வியை எழுதி வைத்திருப்பதாகவும் சொன்னார்: "உவர் ஏறிய வயல் மறுபடி எத்தனை போகத்தில் திரும்பும்?"